சால்வை ஒரு நாள், கேட் ஸ்டூல் மறுநாள்: பட்டாளத்திலிருந்து வந்தவரை ஊர் எப்படிப் பார்க்கிறது?

கேள்வி இது: "என் அண்ணன் 18 வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்திருக்கிறார். வயது 38. ஊரில் எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். ஆகஸ்ட் 15க்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். ஆனால் வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலைதான் தருகிறேன் என்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் 'மிலிட்டரிக்காரன், கோபக்காரன், தண்ணி போடுவான்' என்ற பேச்சும் இருக்கிறது. ஜனங்கள் உண்மையில் என்னதான் நினைக்கிறார்கள்? அந்த நினைப்பு அவரை எந்த அளவுக்குப் பாதிக்கும்?"

நானும் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து பென்ஷன் வந்தவன்தான். பிறகு எக்ஸ்-சர்வீஸ்மேன் கோட்டாவில் ஒரு பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் புதிதாக ஓய்வு பெற்று வருகிற பையன்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர் காட்டும் மரியாதையும் நிஜம், முதுகுக்குப் பின்னால் பேசுவதும் நிஜம். இரண்டும் ஒரே படத்திலிருந்துதான் வருகின்றன. பனியில், முள்வேலிக்குப் பக்கத்தில், துப்பாக்கியோடு அசையாமல் நிற்கிற ஒரு ஆள். பசி, குளிர், பயம் எதுவும் அவனுக்குக் கிடையாது. இந்தப் படத்தை நல்லபடியாகப் பார்த்தால் தியாகி, பயந்து பார்த்தால் முரடன். வேலை தேடும் விஷயத்தில் 'முரடன்' என்ற பேச்சைவிட 'தியாகி' என்ற பேச்சுதான் அதிகம் கெடுக்கிறது என்பது இத்தனை வருடத்தில் நான் பார்த்தது.

அமெரிக்காவில் ஷெப்பர்ட், கே, கிரே என்ற மூன்று ஆய்வாளர்கள் 2019இல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். முன்னாள் ராணுவத்தினரைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பார்த்தபோது, 'திட்டமிட்டு, உறுதியாகச் செய்து முடிப்பார்கள், ஆனால் உணர்ச்சி கம்மி' என்ற எண்ணம் தெரிந்தது. யாரும் வெறுத்துச் சொல்லவில்லை. ஆனால் அதன் விளைவு என்ன? பிறர் மனதைப் புரிந்து நடக்க வேண்டிய வேலை என்றால் 'இவர் அவ்வளவு பொருத்தமில்லை' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நம் ஊரில் யாரும் இப்படி ஆராய்ந்து பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் கடை முதலாளியிலிருந்து கல்லூரித் தாளாளர் வரை இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். 'நம்பிக்கையான ஆள், நேர்மையான ஆள், அதனால் கேட்டில் நிறுத்தலாம்.'

என் கதையையே சொல்கிறேன். ஓய்வு பெற்ற வருடம் ஒரு தனியார் நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவு வேலைக்கு நேர்காணல் போனேன். யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் போடுவது என் பொறுப்பு. ஒருவருக்குக் கல்யாணம் ஆனால், குழந்தை பிறந்தால், லீவு போனால், எல்லாம் அதில் ஏற வேண்டும். மனைவி பெயரில் ஒரு எழுத்து மாறினால்கூட முப்பது வருடம் கழித்துக் குடும்ப ஓய்வூதியத்தில் போய் முட்டும். அந்தக் கவனத்தோடு பல நூறு பேருடைய காகிதங்களைப் பார்த்தவன் என்று சொல்லத் தயாராகப் போயிருந்தேன். எதிரே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "சார், எத்தனை பேரைச் சுட்டிருக்கீங்க?" வருடத்துக்கு ஒருமுறை ரேஞ்சில் அட்டையைச் சுட்டதோடு சரி என்றேன். சிரித்தார். எழுந்து கைகொடுத்தார். "உங்களை மாதிரி ஆள்தான் சார் எங்க கேட்டுக்கு வேணும்" என்றார். அவமானப்படுத்த நினைத்துச் சொல்லவில்லை. மனதாரப் பாராட்டித்தான் சொன்னார். அதுதான் பிரச்சினையே.

ராணுவம் என்றால் சுடுகிறவர்கள் மட்டும் இருக்கும் இடம் என்று நினைக்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் அது ஒரு நடமாடும் நகரம். கிளார்க், ஸ்டோர் கீப்பர், சமையல்காரர், டிரைவர், நர்சிங் அசிஸ்டென்ட், ரேடியோ மெக்கானிக், சர்வேயர், நாய் பழக்குகிறவர் எல்லோரும் உண்டு. பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவத்தில் 'தம்பி' என்று செல்லமாகக் கூப்பிடும் படை, பாலம் கட்டுகிறது, ரோடு போடுகிறது, கண்ணிவெடி எடுக்கிறது. இஎம்இ என்ற பிரிவு ஜீப்பிலிருந்து பீரங்கி வரை பழுது பார்க்கிறது. காலாட்படை ஆளாகவே இருந்தாலும், ஹவில்தார் ஆகிவிட்டால் தன் கீழே இருக்கும் பையன்களின் லீவு, சண்டை, வீட்டுக் கவலை, கடன் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மனதைப் புரிந்து நடக்கத் தெரியாதவன் ஒரு செக்ஷனை, அதாவது பத்துப் பேர் கொண்ட சின்ன அணியை, ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது.

இதைச் சொல்லும்போது சென்னையில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடி ஞாபகம் வருகிறது. ஒரு மழைக்குப் பிறகு அங்கே இன்டர்காம் செத்துப்போனது. வெளியிலிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டார்கள். அவன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு முழித்தான். கேட்டில் இருந்த செக்யூரிட்டி ஸ்டூலில் உட்கார்ந்தபடி அந்தப் பையனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்த விதம் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பக்கத்தில் போய், "எந்த ட்ரேடு?" என்றேன், அதாவது ராணுவத்தில் என்ன தொழில் பார்த்தீர்கள் என்று. உடனே எழுந்துவிட்டார். "லைன்மேன் சார், சிக்னல்ஸ். பதினேழு வருஷம். லே வரைக்கும் கேபிள் போட்டிருக்கேன்." அப்புறம் டார்ச்சை வாங்கிக்கொண்டு போனார். படிக்கட்டுக்குக் கீழே இருந்த சின்ன ஜங்ஷன் பெட்டியைத் திறந்தார். உள்ளே தண்ணீர். துடைத்து, இரண்டு கம்பியை மாற்றி முறுக்கினார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன். "யாரும் கேக்கலையே சார். கேட்டைப் பாத்துக்கச் சொன்னாங்க, பாத்துக்கறேன்." அந்த வருடம் ஆகஸ்ட் 15க்கு அங்கே கொடி ஏற்றியது அவர்தான். குழந்தைகள் எல்லாம் சல்யூட் அடித்தார்கள். மறுநாள் அதே ஸ்டூல்.

ஜனங்களின் நினைப்பு மட்டும் என்றால் பேசி மாற்றிவிடலாம். அது சட்டத்திலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2005இல் வந்த மத்தியச் சட்டம், காவலாளிகளை எடுக்கும்போது முன்னாள் ராணுவத்தினர், போலீஸ்காரர்கள் போன்றவர்களுக்கு முன்னுரிமை தரலாம் என்கிறது. தமிழக அரசு 1986இல் தொடங்கிய டெக்ஸ்கோ, அதாவது முன்னாள் படைவீரர் கழகம், அரசு அலுவலகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் ஆள் அனுப்புகிறது. அதில் பெரும் பங்கு பாதுகாப்புப் பணிதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. டெக்ஸ்கோவால் எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிகிறது, எனக்குத் தெரியும். ஆனால் பல ஆயிரம் பேரை ஒரே வாசலில் நிறுத்தினால், அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லோரும் 'ஓ, மிலிட்டரி என்றால் கடைசியில் இந்த வேலைதான்' என்றுதான் நினைப்பார்கள். நினைப்பு வேலையை உண்டாக்குகிறது, வேலை நினைப்பை உறுதி செய்கிறது. இந்தச் சுற்றிலிருந்து ஒரு தனி ஆள் வெளியே வருவது கஷ்டம்.

இந்தியாவில் முப்படைகளிலிருந்தும் வருடத்துக்குச் சுமார் 60,000 பேர் ஓய்வு பெற்று வருகிறார்கள். பெரும்பாலோருக்கு முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து வயது. மத்திய அரசில் கிளார்க் போன்ற குரூப் சி பதவிகளில் 10 சதவீதமும், பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் குரூப் சியில் 14.5 சதவீதமும் இவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் வங்கிகளைத் தவிர்த்துப் பார்த்தால், நிரம்புவது அந்த அளவில் ஒரு சிறு பகுதிதான். தேர்வில் மதிப்பெண் பத்தவில்லை, தகுதியான ஆள் வரவில்லை என்று காரணம் சொல்வார்கள். 18 வயதில் பள்ளியை முடித்துப் போனவன், 38 வயதில் வந்து, கோச்சிங் சென்டரிலிருந்து நேராக வருகிற 22 வயதுப் பையனோடு கணக்குப் போட வேண்டும். பத்தாவது படித்து 15 வருடம் சேவை முடித்தவரை, பட்டப்படிப்பு கேட்கும் தொழில்நுட்பம் சாராத பல குரூப் சி வேலைகளுக்குத் தகுதியானவராக எடுத்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு விதியே இருக்கிறது. இது பல அலுவலகங்களில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நம் ஆட்களுக்கே தெரியாது.

சரி, தண்ணி விஷயத்துக்கு வருவோம். மழுப்ப வேண்டாம், குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பட்டாளத்துக்காரன் என்றாலே குடிகாரன் என்ற பேச்சை யார் கிளப்பினார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வரும். ராணுவக் கேன்டீன் கார்டில் மாதத்துக்கு இத்தனை பாட்டில் என்று பதவிக்குத் தக்கபடி கோட்டா உண்டு. குறைந்த விலை, கலப்படம் இல்லாத சரக்கு. லீவில் வந்து ட்ரங்குப் பெட்டியை இறக்குவதற்குள் பக்கத்து வீட்டு மாமா, மச்சான், பஞ்சாயத்தில் செல்வாக்கான ஒருவர் என்று வரிசையாக வந்து நிற்பார்கள். "ரம் கொண்டாந்தியா மாப்ளே?" வாங்கிக் குடித்தவர்களே திருமணப் பேச்சு வரும்போது, "பையன் மிலிட்டரி, கொஞ்சம் விசாரிச்சுக்குங்க" என்பார்கள். நான் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. என் கோட்டாவில் ஒரு தெருவே குடித்திருக்கிறது. கெட்ட பெயர் எனக்கு.

(மிலிட்டரி ஓட்டல் என்றால் காரமும் கறியும் என்று ஆகிவிட்டதைப் பாருங்கள். எங்கள் மெஸ்ஸில் பெரும்பாலும் பருப்பும் ரொட்டியும்தான்.)

கோபம் வேறு விஷயம், அதை விளையாட்டாகச் சொல்ல முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜவானுக்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் சாதாரண விடுப்பு. எல்லாம் முழுசாகக் கிடைத்தது என்றே வைத்துக்கொண்டாலும் 18 வருடத்தில் உங்கள் அண்ணன் வீட்டில் இருந்தது மொத்தம் நாலரை வருடம்கூட இல்லை. குடும்பத்தோடு தங்கும் ஸ்டேஷன் கிடைத்திருந்தால் கொஞ்சம் கூடும். அந்தப் பதினெட்டு வருடமும் வீட்டை நடத்தியது அண்ணி. காஸ் புத்தகம் எங்கே, பெரியவனுக்கு எந்த வாத்தியார் டியூஷன், அம்மாவுக்கு இரவில் எந்த மாத்திரை என்று அவருக்குத்தான் தெரியும். தான் இல்லாமலே ஓடப் பழகிவிட்ட வீட்டுக்குள் அண்ணன் வந்து நிற்கிறார். காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும், செய்வதற்கு எதுவும் இருக்காது. செருப்பு வரிசையாக இல்லை என்று கத்துவார். கத்துவது செருப்புக்காக என்று நினைக்கிறீர்களா? ஓய்வு பெற்று வந்து மூன்று மாதம் கழித்தும் கடைக்காரர், "லீவு எப்ப முடியுது?" என்று கேட்பார். ஊரைப் பொறுத்தவரை அவர் இன்னும் விருந்தாளி.

இதைப் பார்த்துவிட்டு 'மிலிட்டரி புத்தி' என்று சொல்லிவிடுவது எளிது. சொன்ன பிறகு வேறு யாரும் எதையும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் அதில் கெடுதல். சிலருக்கு உண்மையிலேயே உள்ளே காயம் இருக்கும். பட்டாசுச் சத்தத்துக்குத் தூக்கிப் போடும், தூக்கம் இருக்காது, பக்கத்தில் செத்தவனின் முகம் வந்துகொண்டே இருக்கும். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் வருடக்கணக்கில் போராடியதால்தான் 1980இல் அங்கே மனநல மருத்துவர்களின் கையேட்டில் இதை ஒரு நோயாகவே சேர்த்தார்கள். பிடிஎஸ்டி என்று இன்று நாம் எளிதாகச் சொல்லும் பெயர் அப்படி வந்தது. ஆனால் அங்கே இன்னொரு தொல்லை முளைத்தது. போரிலிருந்து வந்த எல்லோரையும் எப்போது வெடிக்குமோ என்று பார்க்க ஆரம்பித்தார்கள். நம் ஊரில் நேர் எதிர். 'வீரனுக்கு என்ன மனக்கவலை?' என்ற பேச்சிலேயே வாயடைத்துவிடுகிறோம். அவரும் சால்வை போட்ட ஊர் முன்னால் போய் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எப்படிச் சொல்வார்? குடிப்பதைச் சொல்லலாம், அதற்கு ஊர் தயாராக இருக்கிறது. அழுவதைச் சொல்ல முடியாது. அண்ணனிடம் இப்படி ஏதாவது தெரிந்தால் இசிஹெச்எஸ், அதாவது முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக் மூலம் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். வெளியே தெரிய வேண்டாம் என்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அடுத்து, ஊரில் அதிகம் கேட்கும் பேச்சு: "அவனுக்கென்ன, எல்லாம் ஓசி." கேன்டீனில் எதுவும் ஓசி இல்லை, விலை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். இசிஹெச்எஸ் மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரலில் தொடங்கியது. அதில் சேர ஹவில்தார் வரையுள்ளவர்களிடம் ஓய்வு பெறும்போதே 30,000 ரூபாய் பிடித்துக்கொள்கிறார்கள். ரயிலில் முன்னாள் வீரர்கள் எல்லோருக்கும் இலவசம் என்று பலர் சத்தியமே செய்வார்கள். வீர விருது பெற்றவர்கள் போன்ற சிலருக்குத்தான் அந்தச் சலுகை.

ஓய்வூதியம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓய்வூதியத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. மூன்றாவது ஊதியக் குழு வந்த 1973 வரை ஜவானின் ஓய்வூதியம் சிவில் ஊழியர்களைவிடத் தாராளமாகக் கணக்கிடப்பட்டது. அதன் பிறகு எல்லோருக்கும் ஒரே அளவு, கடைசிச் சம்பளத்தில் பாதி என்று ஆனது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஆபீசில் இருப்பவர் 58 அல்லது 60 வரை சம்பளம் வாங்குகிறார். சிப்பாய் 38இல் இறங்கிவிடுகிறான், அவனுக்குக் கடைசிச் சம்பளமே குறைவு. மேலும், முன்னால் ஓய்வு பெற்றவருக்கும் பின்னால் ஓய்வு பெற்றவருக்கும் ஒரே பதவி, ஒரே சேவைக்காலமாக இருந்தும் ஓய்வூதியம் வேறு வேறாக இருந்தது. 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' என்ற கோரிக்கை பிறந்தது இதனால்தான்.

இதைக் கேட்டு 2015 ஜூனில் தில்லி ஜந்தர் மந்தரில் ஓய்வு பெற்ற முதியவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திர தினப் பாதுகாப்பு என்று காரணம் சொல்லி, போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தப் பார்த்தது. மார்பில் பதக்கத்தோடு இருந்த கிழவர்களைப் பிடித்து இழுத்த காட்சியை நாடே டிவியில் பார்த்தது. மறுநாள் செங்கோட்டையில் கொடி ஏறியது. அன்று ஊரில் எனக்குப் பழக்கமான ஒருவர் கேட்டார்: "நாட்டுக்காக உயிரையே குடுக்கத் தயாரா இருந்தவங்க, காசுக்காக ரோட்ல உக்காரலாமா?" கெட்ட மனிதர் இல்லை அவர். தியாகி கூலி கேட்டால் படம் கலைந்துபோகிறது, அந்த வருத்தம். அதே வருடம் நவம்பரில் அரசாணை வந்தது, முழுத் திருப்தி யாருக்கும் இல்லை. வாத்தியார் சம்பளம் கேட்டால் உரிமை, சிப்பாய் கேட்டால் பேராசை என்று ஆவது எதனால் என்று அந்த நண்பரிடம் நான் இன்னும் விவாதம் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

கொடிநாளையும் சொல்ல வேண்டும். 1949லிருந்து டிசம்பர் 7ஆம் தேதி கொடி விற்று நிதி சேர்க்கிறார்கள். நல்ல காரியம், அந்தப் பணம் விதவைகளுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் போகிறது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை உண்டியல் குலுங்கும்போது மட்டும் எங்களை நினைத்தால், பார்ப்பவர் மனதில் பரிதாபம்தான் தங்கும். முன்னாள் படைவீரர் தினம் என்றும் ஒன்று இருக்கிறது, ஜனவரி 14. தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஜெனரல் கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற நாள். தமிழ்நாட்டில் அது போகியோடோ பொங்கலோடோ வந்து விழுவதால், பழைய பாயைக் கொளுத்தும் புகையில் எங்களை யார் பார்க்கப் போகிறார்கள்?

இதற்கெல்லாம் அடியில் ஒன்று கிடக்கிறது என்று எனக்குத் தோன்றும். செத்த வீரனை எப்படிக் கொண்டாடுவது என்று நமக்கு நன்றாகத் தெரியும். செங்கம் பக்கமும் தருமபுரி பக்கமும் வயலுக்கு நடுவில் நிற்கும் நடுகற்கள் ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையவை. மாடு மீட்கப் போய்ச் செத்தவன் பெயரைக்கூடக் கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. இன்றும் எல்லையில் இறந்த பையனின் உடல் வந்தால் மூன்று ஊர் ஜனம் திரளும், கலெக்டர் வருவார், தெருவுக்குப் பெயர் வைப்பார்கள். அதே மாடு மீட்கப் போய் உயிரோடு திரும்பி வந்தவனுக்கு என்ன செய்தார்கள் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. 1971 போரில் தரைப்படைத் தளபதியாக இருந்த ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா 2008 ஜூன் 27 அன்று குன்னூர் அருகே வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார், வயது 94. ஊட்டியில் பார்சி இடுகாட்டில் அடக்கம். குடியரசுத் தலைவரோ பிரதமரோ வரவில்லை, பாதுகாப்புத் துறையிலிருந்து இணை அமைச்சர் வந்தார். படுக்கையில், முதுமையில், நீலகிரிக் குளிரில் இறந்த ஒரு வீரனை எந்தப் படத்துக்குள் வைப்பது என்று தில்லிக்கே தெரியவில்லை. அப்புறம் உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தைச் சொல்லி என்ன?

பெண்களின் பாடு இன்னும் மோசம். மருத்துவம், நர்சிங் தவிர்த்த பிரிவுகளிலும் 1992லிருந்து பெண்கள் அதிகாரிகளாகச் சேருகிறார்கள், பலருக்குச் சென்னைப் பரங்கிமலை அகாடமியில் பயிற்சி. ஓய்வு பெற்ற பெண் மேஜர் ஒருவர் என்னிடம் சொன்னார், கேன்டீன் வரிசையில் நின்றால் பின்னால் நிற்பவர், "சார் எந்த ரெஜிமென்ட்மா?" என்று கேட்பாராம். அவர் கணவர் பல் மருத்துவர்.

எல்லா இடமும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் வேலூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் மாவட்டத்தில் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகிற ஊர். அங்கே போனால் எத்தனை பேரைச் சுட்டாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். "எந்த ட்ரேடு? கடைசி ஸ்டேஷன் எது? ஸ்பர்ஷில் லைஃப் சர்டிபிகேட் ஏத்திட்டியா?" என்று கேட்பார்கள். ஸ்பர்ஷ் என்பது எங்கள் ஓய்வூதிய இணையதளம். வீட்டுக்கு ஒருவர் போன இடத்தில், போனவர் வெறும் மனிதராகத் தெரிகிறார். ஒருவர் குடிப்பார், ஒருவர் ஆடு வளர்ப்பார், ஒருவர் கோயில் கணக்கு எழுதுவார். ராணுவத்தை டிவியில் மட்டும் பார்க்கிற ஊரில்தான் அந்தப் பனிப்படம் பெரிதாக இருக்கிறது.

இனி வரப்போவதை நினைத்தால்தான் எனக்குக் கவலை. 2022 ஜூனில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்தது, அதில் சேருகிறவர் அக்னிவீரர். நாலு வருடச் சேவை, நாலில் ஒருவர்தான் தொடரலாம், மற்றவர்களுக்கு சுமார் 11.71 லட்சம் ரூபாய், ஓய்வூதியம் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. அறிவித்த சில நாளில், ஆளும் கட்சியின் தேசியப் பொறுப்பாளர் ஒருவர், எங்கள் கட்சி அலுவலகத்துக்குக் காவலாளி வைப்பதென்றால் அக்னிவீரருக்கே முன்னுரிமை தருவேன் என்றார். எதிர்ப்பு கிளம்பியதும் தான் சொன்னதைத் திரித்துவிட்டார்கள் என்று விளக்கினார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. என்னை நேர்காணல் செய்தவர் சொன்னதைத்தான் அவரும் சொன்னார், பாராட்டாகவே சொன்னார். 2022 முடிவிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போன முதல் அணி 2026 முடிவையொட்டி வெளியே வருகிறது. இருபதுகளில் இருக்கும் பையன்கள். எங்களுக்காவது சட்டத்தில் ஒரு பெயர் இருந்தது.

உங்கள் அண்ணனுக்கு வருவோம். நான் பையன்களிடம் சொல்வதைச் சொல்கிறேன். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து, ட்ரேடு, கோர்ஸ், பொறுப்பு என்று இருக்கும் பக்கங்களை முதலில் படியுங்கள். வீட்டில் ஒருவரும் அதைப் படித்திருக்க மாட்டீர்கள், பந்தயம். அப்புறம் பயோடேட்டாவில் 'முன்னாள் ராணுவ வீரர், 18 வருடம் தேசப் பணி' என்று தலைப்பில் போட்டிருந்தால் அதைக் கீழே இறக்குங்கள். படிக்கிறவர் அந்த வரியைப் பார்த்ததும் பனிமலைக்குப் போய்விடுவார், மீதியைப் படிக்கவே மாட்டார். மேலே, செய்த வேலையைச் சிவில் பாஷையில் எழுதுங்கள். 'குவார்ட்டர் மாஸ்டர் ஸ்டோரில் என்சிஓ' என்றால் வெளியே யாருக்கும் புரியாது. இத்தனை வகைப் பொருள் இருப்பு, இத்தனை பேருக்கு விநியோகம், இத்தனை வருடம், ஆடிட்டில் குறை இல்லை என்று எழுதினால் எந்தக் குடோன் மேனேஜரும் நிமிர்ந்து உட்காருவார். டிரைவராக இருந்தால் வண்டி வகை, மலைப்பாதை, விபத்தில்லா வருடங்கள். செக்ஷன் கமாண்டராக இருந்தால் பத்து ஆட்களை எப்படி வைத்து வேலை வாங்கினார் என்று ஒரு சம்பவத்தோடு எழுத வேண்டும். பயிற்சி மையத்தில் இன்ஸ்ட்ரக்டராக இருந்திருந்தால் அதை முதல் வரியிலேயே போடுங்கள், கற்றுக்கொடுக்கத் தெரிந்தவருக்கு எங்கும் வேலை உண்டு.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயர் பதிந்தாரா என்று கேளுங்கள். கேன்டீன் கார்டு வாங்க அலைந்த வேகத்தில் பாதிப் பேர் வேலைவாய்ப்புப் பதிவை மறந்துவிடுகிறார்கள். வங்கி கிளார்க் தேர்வுக்கு உட்காரச் சொல்லுங்கள், அங்கே கோட்டா ஓரளவு நிஜமாக வேலை செய்கிறது. முதல் முறை கைநழுவிப் போகலாம், இரண்டாவது முறை பிடித்துவிடலாம். எனக்கும் இரண்டாவது முறைதான். அதுவரைக்கும் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை கிடைத்தால் போகட்டும், அதில் ஒரு கேவலமும் இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்து செருப்பை அடுக்குவதைவிட நல்லது. ஆறு மாதம் என்று ஒரு தேதி மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், தேதி இல்லாமல் போனால் ஸ்டூல் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டுப் பக்கம் ஒரே ஒரு யோசனை. அவர் வந்துவிட்டார் என்று அண்ணி தன் சுமையை ஒரே நாளில் இறக்கி வைக்கவும் வேண்டாம், எதையும் தொடவிடாமல் வைத்திருக்கவும் வேண்டாம். ஒரு வேலை, முழுசாக அவருடையது என்று கொடுங்கள். எங்கள் வீட்டில் அது அம்மாவின் மாத்திரை டப்பா. ஞாயிறு இரவு ஏழு நாளுக்கும் பிரித்து அடுக்குவேன். என் மனைவி ஆரம்பத்தில் நான் தூங்கிய பிறகு எடுத்துச் சரிபார்ப்பாள். நான் தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியாது. மூன்றாவது மாதம் சரிபார்ப்பதை விட்டுவிட்டாள்.

அண்ணனின் ட்ரேடு என்ன என்று நீங்கள் எழுதவே இல்லை. அதைக் கேட்டு எழுதுங்கள், பயோடேட்டாவை நானே போட்டுத் தருகிறேன்.